மூட்டுத் தேய்வும் உடம்புப்பிடியும்: தமிழ் மருத்துவத்தின் பெயரால் ஏமாறலாமா?



இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, வகுப்பறை நடவடிக்கை என்று எழுதிவரும் இடத்தில் இன்று முட்டிவலியைப் பற்றி எழுதப் போகிறேன். “ஓர் ஆசிரியைக்கு இந்த வேலை எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அண்மையில் எங்கள் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நாள் நடந்தது. என் வகுப்பறை இரண்டாம் மாடியில் இருக்கிறது. மாணவன் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்து, “டீச்சர், பாட்டி கீழ உக்காந்திருக்காங்க. படி ஏற முடியலையாம்” என்றான். இறங்கிப் போனேன். சிற்றுண்டிச்சாலை ஓரத்தில் அந்தப் பாட்டி அமர்ந்திருந்தார். அவர் அருகில் மேலும் நான்கு பாட்டிமார். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டதால் பேரப்பிள்ளைகளின் தேர்ச்சியைக் கேட்க வந்தவர்கள். ஐவருக்கும் ஒரே குறை. ஐவரும் பேசிக்கொண்டிருந்ததும் ஒரே செய்தி. எந்த உடம்புப்பிடி நிலையம், எத்தனை முறை, எந்தத் தைலம், எவ்வளவு வெள்ளி! அவர்களுள் ஒருவர் என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார்: “ஆயிரத்து எண்ணூறு வெள்ளி கட்டியாச்சு டீச்சர். இன்னும் நாலு தடவைதான் பாக்கி. அதுக்கப்புறம் முட்டி புதுசா ஆயிடும்னு சொல்லியிருக்காங்க.”

ஆகாது, பாட்டி. அன்று உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் பிள்ளைகளாவது படிக்கட்டும்.

என் வீட்டுக் கதை

ஊரைத் திருத்தப் புறப்படுமுன் என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

என் அம்மாவுக்கு வயது 72. இருபது ஆண்டுகளுக்குமேல் பால் மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் குனிந்தும் குந்தியும் வெட்டி, காண்டா வாளியில் பாலைச் சுமந்து நடந்தவர். தோட்டம் போனது, வீடமைப்புப் பகுதி வந்தது. ஸ்ரீ கெம்பாங்கானில் என்னோடு தங்கினார். அறுபதைத் தாண்டியதும் இரண்டு முட்டிகளும் வலிக்கத் தொடங்கின.

ஒரு நாள் துண்டறிக்கை ஒன்று வீட்டுக்கு வந்தது. “மூவாயிரம் ஆண்டுத் தமிழ் மருத்துவம்! அறுவை இல்லாமல் மூட்டுத் தேய்வு முற்றிலும் குணமாகும்!” என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். தமிழ் என்ற சொல்லைக் கண்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நானே அம்மாவை அழைத்துச் சென்றேன். பன்னிரண்டு முறைக்கு 2,400 வெள்ளி. முன்பணமாக நானே கட்டினேன். படித்தவள், பயிற்சிக் கல்லூரியில் பட்டயம் பெற்றவள், “ஆதாரம் கூறி விளக்குக” என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்கு எழுதிக் கொடுப்பவள், ஓர் ஆதாரமும் கேட்காமல் கட்டினேன்.

முதல் ஐந்தாறு முறை அம்மாவுக்கு இதமாகத்தான் இருந்தது. ஏழாம் முறை முட்டியை முழுப் பலத்தோடு அழுத்தித் திருகினார்கள். மறுநாள் முட்டி வீங்கிவிட்டது. கேட்டதற்கு, “வலி வெளியேறுகிறது” என்றார்கள். கூடவே பெயர் அச்சிடாத ஒரு புட்டியில் உருண்டை மாத்திரைகளைக் கொடுத்தார்கள். மூன்றே நாளில் வலி பறந்தது. அம்மா படி ஏறினார். நான் அந்த நிலையத்தைப் புகழ்ந்து சக ஆசிரியர்களிடமும் சொன்னேன். இரண்டு மாதத்தில் அம்மாவின் முகம் நிலாவைப்போல் உப்பியது. கட்டுக்குள் இருந்த இனிப்புநீர் எகிறியது. அரசு சுகாதார கிளினிக்கின் மருத்துவர் அந்தப் புட்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். இப்படி விற்கப்படும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது வழக்கம் என்றும், உடனே நிறுத்தினாலும் ஆபத்து என்றும் விளக்கி, மருத்துவக் கண்காணிப்பில் சிறிது சிறிதாகக் குறைத்தார்.

அந்த நிலையத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு கடையை மூடினால் மற்றொன்று திறக்கும். நான் எதிர்ப்பது அந்தத் துண்டறிக்கையில் இருந்த பொய்யை. அந்தப் பொய்க்குக் கதவு திறந்துவிட்ட என்னைப் போன்றவர்களின் போக்கை.

முட்டிக்குள் நடப்பது என்ன?

தொடையெலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில், எலும்போடு எலும்பு உரசாமல் இருக்க வழவழப்பான குருத்தெலும்பு ஒன்று மூடியிருக்கிறது. மூட்டுத் தேய்வில் இந்தக் குருத்தெலும்பு மெலிகிறது. அடியில் உள்ள எலும்பு தடிக்கிறது. ஓரங்களில் முள்போன்ற வளர்ச்சிகள் தோன்றுகின்றன. மூட்டைச் சூழ்ந்த சவ்வு அவ்வப்போது அழற்சியுறுகிறது. வலிக்கிறதே என்று நடையைக் குறைத்தால் தொடையின் முன்தசை மெலிகிறது. தசை மெலிந்தால் முட்டி தாங்கும் சுமை கூடுகிறது. சுமை கூடினால் வலி கூடுகிறது. இச்சுழலில்தான் நம் பெரியவர்கள் சிக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. எனவே அது தானாகப் பழைய நிலைக்கு வளர்ந்துவிடுவதில்லை. தோலின்மேல் எந்த எண்ணெயைத் தேய்த்தாலும், எந்தக் கையால் உருவினாலும், தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் முளைக்காது. “முட்டி புதிதாகும்” என்று சொல்பவர் யாராயினும் பொய் சொல்கிறார். இதில் நடுநிலை வகிக்க இடமில்லை.

இது சிலருக்கு மட்டும் வரும் நோயுமன்று. மலேசியாவில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வொன்றில், மூட்டுவலி என்று சொன்னவர்களின் முறையீடுகளில் ஏறத்தாழ 65 விழுக்காடு முட்டியைப் பற்றியதாகவே இருந்தது. முதுமை, உடற்பருமன், பழைய காயம், குந்தியும் சுமந்தும் செய்த வேலை ஆகியவை இந்நோய்க்கு வழிவிடுகின்றன. பெண்களுக்கே இது மிகுதியாக வருகிறது. தோட்டத்துப் பெண்களாக வாழ்ந்து, இன்று நகரத்து அடுக்குமாடிகளில் முதுமையைக் கழிக்கும் நம் தாய்மாருக்கு இவற்றில் எத்தனை பொருந்தும் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் உருவுதல் வீணா?

இல்லை. உடம்புப்பிடியே ஏமாற்று என்று எழுதினால், நானும் அந்தத் துண்டறிக்கைக்காரரைப் போல் ஆதாரமின்றிப் பேசியவளாவேன்.

அமெரிக்காவில் ஆடம் பெர்ல்மன் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் முட்டித் தேய்வு உள்ளவர்களிடம் உடம்புப்பிடியை முறையாகச் சோதித்திருக்கிறார்கள். 2006இல் வெளியான முதல் ஆய்வில் 68 பேர் பங்கேற்றனர். எட்டு வாரம் உருவிவிடப்பட்டவர்களுக்கு வலியும் விறைப்பும் குறைந்தன. நடை சற்று எளிதாயிற்று. 2012இல் 125 பேரைக் கொண்டு, எவ்வளவு நேரம், எத்தனை முறை என்று ஆராய்ந்தார்கள். வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் என்பது பொருத்தமான அளவாகத் தெரிந்தது.

2019இல் வெளிவந்த மூன்றாம் ஆய்வு பெரியது, 222 பேர். ஆசிரியர்களாகிய நமக்கு இதன் அமைப்பு எளிதில் புரியும். புதிய கற்பித்தல் முறை பயனுள்ளதா என்று அறிய, ஒரு வகுப்புக்குப் புதிய முறையிலும் இன்னொரு வகுப்புக்குப் பழைய முறையிலும் பாடம் நடத்தி ஒப்பிடுவோம் அல்லவா? அதேபோல் ஒரு குழுவுக்கு உண்மையான உடம்புப்பிடி. மற்றொரு குழுவுக்கு அழுத்தமின்றிக் கையை மெல்ல வைத்தல். மூன்றாம் குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். எட்டாம் வார இறுதியில் உடம்புப்பிடி பெற்றவர்கள் மற்ற இரு குழுவினரைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். தீங்கும் மிகக் குறைவு. ஆனால் ஓர் ஆண்டு முடிவில் மூன்று குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை!

இந்த முடிவை இரண்டு பாதியாகவும் படிக்க வேண்டும். உடம்புப்பிடியால் சில வாரங்களுக்கு வலி தணிகிறது, இது முதற்பாதி. அந்தத் தணிவு நோயை மாற்றிவிடவில்லை, இது மறுபாதி. விற்பவர் முதற்பாதியை மட்டும் படிக்கிறார். ஏளனம் செய்பவர் மறுபாதியை மட்டும் படிக்கிறார்.

மருத்துவ அமைப்புகளும் இந்த எச்சரிக்கையோடுதான் பேசுகின்றன. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி, சான்று போதாமையால் மூட்டுத் தேய்வுக்கு உடம்புப்பிடியை நிபந்தனையோடு பரிந்துரைக்க மறுக்கிறது. உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, தாய்ச்சி, ஊன்றுகோல் ஆகியவற்றை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, கையால் செய்யும் சிகிச்சைகளை உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே கருதலாம் என்கிறது. ‘உடற்பயிற்சியோடு சேர்த்து’ என்னும் நிபந்தனைதான் நம் பாட்டிமாரிடம் யாரும் சொல்லாத செய்தி.

‘தமிழ் மருத்துவம்’ என்னும் கேடயம்

இதை எழுதினால் எனக்குக் கிடைக்கப்போகும் பட்டம் எனக்குத் தெரியும். “தமிழாசிரியையே தமிழ் மருத்துவத்தைப் பழிக்கிறாள்!”

யார் பழிக்கிறார்கள்? சித்த மருத்துவத்தில் உருவுதலுக்குத் ‘தொக்கணம்’ என்று பெயருண்டு. தட்டுதல், பிடித்தல், முறுக்குதல், அழுத்துதல் என்று அதை வகைப்படுத்தியும் வைத்திருக்கிறார்கள். மூட்டுத் தேய்வை ஒத்த நோயை ‘அழல் கீல்வாயு’ என்று சித்த மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கு ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு உண்டு. சென்னைத் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் திறக்கப்பட்டது. முறையாகக் கற்ற சித்த மருத்துவர் நாடி பார்ப்பார், நோய் வரலாறு கேட்பார், உணவை ஒழுங்குபடுத்துவார். வீங்கிச் சிவந்த மூட்டைப் போட்டுத் திருகமாட்டார்.

திருக்குறளில் ‘மருந்து’ என்பது 95ஆம் அதிகாரம். நாம்தாம் அதை வகுப்பில் நடத்துகிறோம். அதன் பத்துக் குறள்களில் பெரும்பாலானவை அளவறிந்து உண்பதைப் பற்றியே பேசுகின்றன. மருத்துவரைப் பற்றிப் பேசும்போதும், நோய் எது, அதன் காரணம் எது என்று ஆராய்ந்த பிறகே கைவைக்கச் சொல்கிறார் வள்ளுவர். நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் பார்க்கச் சொல்கிறார். துண்டறிக்கை நிலையத்தில் என் அம்மாவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இனிப்புநீர் உண்டா, என்ன மருந்து உண்கிறீர்கள், எப்போது விழுந்தீர்கள் என்று எதுவுமே இல்லை. கேட்டது ஒன்றுதான்: ரொக்கமா, அட்டையா?

அப்படியானால் தமிழ் மருத்துவத்தைப் பழிப்பவர் யார்? ஆராயாமல் உருவிக் காசு பறித்து, அதற்குத் தமிழின் பெயரைச் சூட்டுபவரா? அதைக் கேள்வி கேட்பவரா? இதற்கு விடை சொல்லிவிட்டு எனக்குப் பட்டம் சூட்டுங்கள்.

இந்நாட்டில் சட்டமும் இருக்கிறது. பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016இல் நடப்புக்கு வந்தது. மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள் உள்ளிட்ட துறைகளை அது அங்கீகரித்து, சிகிச்சையாளர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. அதற்கு முன்பே 2007இல் பினாங்கு கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டு, மலாய் முறை உருவுதலும் குத்தூசியும் அளிக்கப்பட்டன. ஆகவே அரசு பாரம்பரிய மருத்துவத்தை ஒடுக்குகிறது என்ற புலம்பலும் எடுபடாது. பதிவு கேட்கிறது, அவ்வளவே. பதிவு செய்யாதவர்தாம் ‘ஒடுக்குமுறை’ என்று கூக்குரல் இடுகிறார்.

பிரிக்பீல்ட்சில் கேட்ட நேர்மையான சொல்

அம்மாவின் உடல்நிலை தேறிய பிறகு, மருத்துவரின் ஒப்புதலோடு அவரைப் பிரிக்பீல்ட்சுக்கு அழைத்துச் சென்றேன். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தோன்றியது. அதன் தலைமையகம் பிரிக்பீல்ட்சில் இருக்கிறது. பார்வையற்றோர் பலர் உடம்புப்பிடியைத் தொழிலாகக் கற்று அந்த வட்டாரத்திலேயே நிலையம் நடத்திப் பிழைக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் அம்மாவின் முட்டியைத் தொடுமுன் பல கேள்விகள் கேட்டார். இனிப்புநீர், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து, அண்மையில் விழுந்தது என்று ஒவ்வொன்றாய்க் கேட்ட பிறகு சொன்னார்:

“அம்மா, தேஞ்சதை என்னால திருப்பித் தர முடியாது. தொடையில, கெண்டைக்கால்ல இருக்கிற பிடிப்பை இளக்கி விடலாம். ரெண்டு மூணு நாளைக்கு இதமா இருக்கும். அந்த நேரத்துல நல்லா நடந்து பழகுங்க.”

பன்னிரண்டு முறைக்கு முன்பணம் கேட்கவில்லை. மாத்திரை விற்கவில்லை. மூட்டைத் திருகவில்லை. 222 பேரை வைத்துச் செய்த ஆய்வு சொன்னதை அவர் மூன்று வரியில் சொல்லிவிட்டார். உடம்புப்பிடி என்பது நேர்மையான உழைப்பு. நேர்மையாகச் செய்பவருக்கு அதற்குரிய கூலியைக் கொடுப்போம். பொய்க்குக் கொடுக்க வேண்டாம்.

நம் குற்றம்

இனிப் பிள்ளைகளாகிய நம்மைப் பற்றிப் பேசவேண்டும்.

நாம் ஏன் ஆயிரக்கணக்கில் கட்டுகிறோம்? பணம் கட்டுவது எளிது என்பதால்தான். நாள்தோறும் பத்து நிமிடம் அம்மாவின் அருகில் அமர்ந்து, “காலை நீட்டுங்கள், ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணுவது கடினம். ஆறு மாதம் தவறாமல் எண்ணுவது அதைவிடக் கடினம். பணத்தைக் கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்ற நிறைவு வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. அதனால்தான் குற்றம் என்று எழுதுகிறேன்.

வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து. நான்காவது, உடனிருந்து பார்த்துக்கொள்பவர். நாம் முதல் மூன்றைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். நான்காவது இடத்தில் இருக்க வேண்டியவர் நாம்தாம்.

அம்மாவுக்கு உடலியக்கச் சிகிச்சையாளர் கற்றுக்கொடுத்த பயிற்சிகள் மிக எளியவை.

1. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குதல். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை.

2. படுத்தபடி முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியால் அதை அழுத்தி ஐந்து எண்ணுதல். பத்து முறை.

3. உறுதியான நாற்காலியிலிருந்து, முடிந்தவரை கையை ஊன்றாமல், எழுந்து மீண்டும் அமர்தல். ஐந்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுதல்.

4. நாள்தோறும் சமதளத்தில் நடத்தல். வலி மிகுந்தால் ஊன்றுகோல். வலிக்கும் முட்டிக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்.

எடையையும் மறக்க வேண்டாம். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டியின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் வெளியான ஆய்வு கண்டது. பாட்டி குடிக்கும் இனிப்புத் தேநீருக்கும் முட்டிவலிக்கும் உறவு உண்டு என்பது இப்போது விளங்கும். அரசு சுகாதார கிளினிக்கில் வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான். வலியைத் தணிக்கப் பூசும் களிம்பு தேவையா, உடலியக்கச் சிகிச்சை தேவையா, எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்பதை அங்கே கேட்கலாம். முற்றிய நிலையில் மூட்டு மாற்று அறுவையே பலருக்கு நடையை மீட்டுத் தருகிறது. “அறுவை இல்லாமல் குணம்” என்ற பேச்சை நம்பி ஆண்டுகளைக் கழித்தவர்கள், தசை முழுவதும் மெலிந்த பிறகு அறுவைக்குப் போகிறார்கள்.

வீட்டில் நாமே பிடித்துவிடலாம்

எண்ணெய் தேய்த்துவிடுவது நமக்குப் புதிதன்று. நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, சூட்டை நம் மணிக்கட்டில் சோதித்துவிட்டு, தொடையின் முன்பக்கத்தையும் கெண்டைக்காலையும் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நீவிவிடுங்கள். முட்டிச் சிப்பியை அழுத்த வேண்டாம். முட்டியின் பின்பள்ளத்தைக் குத்த வேண்டாம். நீவி முடித்ததும் மேலே சொன்ன பயிற்சிகளைச் செய்யச் சொல்லுங்கள். வலி தணிந்திருக்கும் நேரமே பயிற்சிக்கு ஏற்ற நேரம். அம்மாவுக்கும் எனக்கும் இப்போது அதுதான் அன்றாடம் பேசிக்கொள்ளும் நேரமாகவும் ஆகிவிட்டது.

பின்வரும் நிலைகளில் உருவவே கூடாது, மருத்துவரிடம்தான் போகவேண்டும்.

1. முட்டி சிவந்து, சூடாகி, திடீரென வீங்கியிருந்தால், காய்ச்சலும் சேர்ந்திருந்தால்.

2. விழுந்து அடிபட்ட பிறகு காலை ஊன்ற முடியாமல் இருந்தால்.

3. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால். இரத்தக்கட்டியாக இருக்கலாம், உருவினால் அது நகர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே கேடாகலாம்.

4. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து உண்பவராக இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் அழுத்தி உருவுதல் கூடாது.

5. இனிப்புநீரால் கால் மரத்துப் போனவர்களுக்குச் சூட்டு ஒத்தடம் கூடாது. சுடுவது தெரியாமல் தோல் வெந்துவிடும். இந்நாட்டில் 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது மிகுதி. எனவே இந்த எச்சரிக்கை நமக்கே முதன்மையாக உரியது.

பணம் கட்டுமுன் கேட்கவேண்டிய கேள்விகள்

1. உங்கள் பதிவுச் சான்றிதழைக் காட்டுவீர்களா?

2. ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகக் கட்டலாமா? முழுத் தொகையை முன்பணமாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

3. எத்தனை வாரத்தில் என்ன மாற்றத்தை எதிர்பார்க்கலாம்? “முற்றிலும் குணமாகும்” என்றால் அந்த விடையே போதும், திரும்பிவிடுங்கள்.

4. இந்தத் தைலத்துக்கும் மாத்திரைக்கும் ‘எம்.ஏ.எல்.’ பதிவெண் உண்டா? பதிவில்லாத மூட்டுவலி மருந்துகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. இரவுச் சந்தையில் வாங்கியதாயினும், உறவினர் கொண்டுவந்து கொடுத்ததாயினும், பதிவெண் இல்லையேல் வாயில் போட வேண்டாம். ஏற்கெனவே உண்டு வருபவர் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் புட்டியோடு செல்லுங்கள்.

5. நான் உண்ணும் மற்ற மருந்துகளைத் தொடரலாமா? “எல்லாவற்றையும் நிறுத்துங்கள்” என்று சொல்பவர், பின்னால் வரும் கேட்டுக்குப் பொறுப்பேற்க மாட்டார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பேரப்பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அழைத்து வருபவர்கள் இந்தப் பாட்டிமாரே. வாயிலில் வெயிலில் நின்று காத்திருப்பவர்களும் அவர்களே. இந்த மொழி இன்னும் வீட்டில் பேசப்படுகிறது என்றால் அதற்கு அவர்கள் முதற்காரணம். அவர்கள் நடை முடங்கினால் நம் பள்ளிக்கும் இழப்புதான்.

ஆகவே, அடுத்த பெற்றோர் சந்திப்பு நாளில் மேசையைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவாருங்கள். பள்ளி வாயிலில் கைப்பிடியுள்ள நான்கு நாற்காலிகளைப் போடுங்கள். உடற்கல்விப் பாடத்தில், வீட்டிலுள்ள பாட்டியோடு சேர்ந்து செய்ய இரண்டு பயிற்சிகளைச் சொல்லிக்கொடுங்கள். பேரன் எண்ணினால் பாட்டி நிச்சயம் காலை நீட்டுவார். பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நன்கொடை தருகிறார்கள் என்பதற்காக “முற்றிலும் குணம்” விளம்பரங்களைப் பள்ளி மலரில் அச்சிடாதீர்கள். நம் மலரில் வந்தால் ஆசிரியர் சொன்னதாகவே பெரியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த நால்வரும், 1,800 வெள்ளி கட்டிய பாட்டியும் வரும் தவணையிலும் வருவார்கள். இம்முறை என் மேசை கீழ்த்தளத்தில் இருக்கும். முதலில் பேரப்பிள்ளையின் தேர்ச்சியைச் சொல்வேன். பிறகு, சென்ற முறை சொல்லத் துணியாததையும் சொல்லிவிடுவேன்.

மாற்றுக் கருத்துடையோர் ஆதாரத்தோடு எழுதுங்கள், வரவேற்கிறேன்.